கருப்பட்டி போட்ட பீர்

பெங்களூர் இந்திராநகர் நூறடிச் சாலையில் சனிக்கிழமை மாலை ஒரு மேசை கிடைப்பது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடிப்பது மாதிரி. நண்பர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பர்கர் தின்பதற்காகப் பஸ் ஏறுகிற வயது எனக்கு இல்லை. "இந்தக் கடையில பீர் காய்ச்சுற இடத்துல உடன்குடிப் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கார், பனையேறிக் குடும்பம்" என்று அவர் போனில் சொன்னதால் வந்தேன்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கிற எஃகுத் தொட்டிகள். தொட்டிக்கு நேர் எதிரே நீள மேசைகள். யாரும் சட்டை பட்டனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் வந்து உட்கார்கிறார்கள். ஆளுக்கொரு பர்கர், ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை. தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருபதடி தூரம்கூட இல்லை.

பெங்களூருக்கு பீர் புதிதல்ல. கண்டோன்மென்ட் சிப்பாய்களின் தாகத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே காய்ச்சினார்கள். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் சிறு பீர் ஆலைகளை ஒன்றாகச் சேர்த்து 1915இல் யுனைடெட் புரூவரீஸை உண்டாக்கினார். நகரின் நடுவே அந்தக் கம்பெனியின் ஆலை நின்ற இடத்தில் இப்போது யு.பி. சிட்டி என்கிற பளபளப்பான வணிக வளாகம் நிற்கிறது. 2010இல் இதே நூறடிச் சாலையில் டாய்ட் என்ற பீர்க்கடை திறந்தது, மறு வருஷம் விட்டல் மல்லையா சாலையில் பியர் கிளப். கடைக்குள்ளேயே காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கலாம் என்று கர்நாடக அரசு லைசென்ஸ் கொடுத்ததால் வந்த வரிசை இது. இடையில் லாரி இல்லை, குடோன் இல்லை, ஏஜென்ட் இல்லை.

உடன்குடிக்காரருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ரப்பர் பூட்ஸ், ஈரச் சட்டை. "வாங்க அண்ணாச்சி, மொதல்ல சாப்பிடுங்க, தொட்டி எங்கயும் ஓடிராது" என்றார். மெனுவில் டெண்டர்லாயின் என்று இருந்ததைக் காட்டி என்னவென்று கேட்டேன். "எருமைதான், வேறென்ன." 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் 13 வயதைத் தாண்டிய எருமையை மட்டும்தான் அறுக்க முடியும். கிழட்டு எருமையைக் கொத்திக் கொழுப்புச் சேர்த்து மெத்தென்று ஆக்குவதில் இருக்கிறது சமையற்காரரின் சாமர்த்தியம்.

இவரும் முன்பு பர்கர் சுடும் கல்லில் நின்றவர்தான். பதினேழு வயதில் ஊரைவிட்டு வந்து சிவாஜிநகரில் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தார். பிறகு கல்லுக்கு உயர்ந்தார். அப்புறம் இங்கே பர்கர்க் கல். "பரோட்டாக் கல்லுல நின்னவனுக்கு இது லேசு. கறிய உருட்டணும், பிசையக் கூடாது. கல்லு புகையுற சூட்டுல வச்சு, வச்ச கையோட இரும்பால ஒரே அமுக்கு. கொஞ்சம் தாமசிச்சு அமுக்கினா கொழுப்பு உருகி ஓடிரும், வெறும் சக்கைதான் மிஞ்சும்." அடிப்பக்கம் பழுப்பாக முறுகினதும் அந்த முறுகலைக் கல்லில் விட்டுவிடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்தது பழைய பரோட்டாக் கரண்டி. கடை வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுக் கரண்டி ஆணியில் தொங்கியதாம். என் தட்டில் வந்தது அவருக்குப் பின் வந்த ஒடிசாப் பையன் போட்டது. ஓரம் சொரசொரவென்று முறுகி, நடுவில் சாறு நின்றது. பன் மட்டும் கொஞ்சம் இனிப்பு. பெங்களூர் பேக்கரிகளுக்கு இந்தச் சர்க்கரைப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ.

தொட்டிப் பக்கம் போனோம். பொடித்த பார்லி மால்ட்டை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள், மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்தெடுத்த சாற்றைக் கொதிக்கவிட்டு ஹாப்ஸ் பூ போடுகிறார்கள். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசனைக்கு. தலைமைக் காய்ச்சுநர், ஜெர்மனியில் படித்துவந்த இளைஞர், தண்ணீரின் உப்புகளைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். தலையாட்டிக்கொண்டு நின்றேன். என் கவனம் பக்கத்தில் சக்கையை வாரிக்கொண்டிருந்தவர் மேல் இருந்தது. 1,000 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 200 கிலோ ஈரச்சக்கை விழும். அது பால்மாட்டுக்காரர்களுக்குப் போகிறது.

கல்லிலிருந்து உடன்குடிக்காரர் தொட்டிக்கு வந்ததற்குக் காரணம் மூக்கு. ஒருநாள் இரவு ஏதோ எடுக்க வந்தவர், "இந்தத் தொட்டி புளிக்குது" என்று சொல்லியிருக்கிறார். பீர் என்றால் புளிக்கத்தானே செய்யும் என்று சிரித்தார்களாம். இரண்டு நாளில் வேண்டாத கிருமி புகுந்து அந்தத் தொட்டி முழுவதும் சாக்கடைக்குப் போயிற்று. அதற்கடுத்த வாரம் இவரைப் பூட்ஸ் மாட்டச் சொன்னார்கள்.

"எங்கப்பா 40 பனை ஏறுவாவ. காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. கால்ல தளைநாரு, கையில முருக்குத்தடி, இடுப்புல அருவாப்பெட்டி. கலயத்துல சுண்ணாம்பு சரியா தடவலன்னா பதனி கள்ளாயிரும். எறக்குன கலயத்த மோந்து பாக்குறது சின்ன வயசுல என் வேல. இனிப்பு வாசம், நுரைக்கப் போற வாசம், கெட்டுப் போன வாசம், மூணும் வேற வேற. இந்தத் தொட்டியிலயும் அந்த மூணுதான்."

பனஞ்சாறு யாரும் ஈஸ்ட் போடாமலே சில மணி நேரத்தில் நொதித்துவிடும். காற்றில் இருக்கிற கிருமியே போதும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. இங்கே வாங்கிய ஈஸ்டைப் போட்டு, வெப்பத்தைக் கட்டிக் காத்து, ஒரு வாரம் காத்திருக்கிறார்கள். கோதுமை பீரில் வருகிற வாழைப்பழ வாசம் பழத்திலிருந்து வருவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. அதை இளைஞர் இரசாயனப் பெயரோடு சொன்னார். இவர் "நம்ம நாட்டுப்பழ வாசம்" என்றார்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது. தானே காய்ச்சியதைக் குடிக்கிறவன் கையில் நேராகக் கொடுக்கலாம் என்ற சலுகை பெங்களூரில் முதல் போட முடிந்தவனுக்குக் கிடைத்திருக்கிறது. பனையடியில் நின்று கலயத்திலிருந்து பட்டையில் ஊற்றிக் கொடுத்தவனுக்கும் அதே உரிமை ஒரு காலத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. பெரிய ஆலையின் பாட்டில் அரசாங்கக் கடையில் விற்கலாம்; பனையேறியின் கலயம் குற்றம். பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை நடக்கிறது, மீன் கறியோடு. குடி கெடுதல் என்று சொல்லித் தடுத்தால் மறுக்க மாட்டேன். என் வீட்டிலும் குடியால் போனவர்கள் உண்டு. கெடுதலை மொத்த வியாபாரத்துக்கு வைத்துக்கொண்டு, சிறு கையை மட்டும் கட்டிப்போடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. மாநில மரம் என்ற பட்டத்தைப் பனைக்குக் கொடுத்தாயிற்று. ஏறுகிறவன் பாடு அவனுக்கு.

மிச்சமிருந்தது கருப்பட்டி. அதில் வியாபாரி உட்கார்ந்திருக்கிறான். பனை பாளை விடுவதற்கு முன்பே முன்பணம் கொடுத்துவிடுவான். கருப்பட்டி அவனுக்குத்தான், விலையும் அவன் சொல்வதுதான். "அப்பா கடைசி வரைக்கும் கணக்கு முடிக்கவே இல்ல" என்றார் இவர். சீனி கலந்த போலிக் கருப்பட்டி சந்தைக்கு வந்த பிறகு நல்லதின் விலையும் இறங்கிற்று.

போன வருஷம் கறுப்பு பீர் ஒன்றில் கருப்பட்டி போடலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். கொள்முதல்காரர் ஒரு மூட்டை வரவழைத்தார். இவர் உடைத்து மோந்து, "முக்காவாசி சீனி" என்று தள்ளிவிட்டார். பிறகு ஊரிலிருந்து மச்சான் காய்ச்சியதையே பஸ்ஸில் போட்டு வரவழைத்தார்கள். கொதியின் கடைசியில் போட்ட அந்த பீரை நானும் குடித்தேன். இனிப்பு இல்லை, சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டது. ஓலைப்புகை படிந்த மாதிரி ஒரு மெல்லிய கரிப்பு நாக்கின் அடியில் நின்றது. பர்கரின் முறுகலோடு அது சேர்ந்தது எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கடையிலும் நன்றாக ஓடியதாம்.

"அப்போ இந்த சீசனுக்கும் மச்சான்கிட்டதானே?" என்று கேட்டேன்.

"அதான் முடியல அண்ணாச்சி. ஆபீஸ்ல பில் கேக்காவ. மச்சானுக்கு ஏது பில்லு? பில்லு போடுத ஏவாரி ஒருத்தர உடன்குடியில பிடிச்சிருக்கு. மச்சான் முன்பணம் வாங்கியிருக்கிறதும் அவர்கிட்டதான்."