கொதிகலத்துக்கு ஒரு மரமூடி

கலத்தைப் பற்றிச் சிந்திப்போர் அதன் மூடியைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. கலம் பொருளைத் தாங்குவது, மூடி அதனை மறைப்பது, அவ்வளவே எனக் கொள்வது வழக்கம். ஆயின் இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே பியர் காய்ச்சும் ஒருவன், தன் கொதிகலத்துக்கு மரத்தால் ஒரு மூடி செய்ய முற்படும்போது, எதனை அடைப்பது, எதனை வெளியே விடுவது என்ற வினாவுக்கு முதலில் விடை காண வேண்டியவனாகின்றான்.

அந்நாட்டில் இது புதிய முயற்சியன்று. பழைய ஆங்கில வீடுகள் பலவற்றின் பின்கட்டில், செங்கற் கட்டினுள் பதிக்கப்பட்டு, கீழே தீ மூட்டப்படும் பெரிய செப்புக்கலம் ஒன்று இருந்தது. உலோகத்தின் பெயரே கலத்துக்கும் ஆகுபெயராக வழங்கியது. அதனைக் ‘கொப்பர்’ என்றே அழைத்தனர். துணி அவிக்கவும், நத்தார்ப் பண்டிகைக்குரிய புடிங் வேகவைக்கவும், பியர் காய்ச்சவும் பயன்பட்ட அக்கலத்தை மூடியது பலகையால் ஆன ஒரு வட்டமே. 1822 இல் நூலுருப்பெற்ற ‘குடிசைப் பொருளாதாரம்’ என்னும் தமது ஆக்கத்தில் வில்லியம் கொபெட், தேநீர்ப் பழக்கத்தைக் கண்டித்து, வீட்டிலேயே பியர் காய்ச்சுமாறு உழைக்கும் குடும்பங்களுக்கு எடுத்துரைத்தார். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மோல்ற் மீதான வரி அவ்வழக்கத்தை நலிவிப்பதையும் அவர் சாடினார். 1880 இல் கிளாட்ஸ்ரன் அரசாங்கம் அவ்வரியை நீக்கிப் பியர் மீது வரி விதித்தபோது, வீட்டிற் காய்ச்சுவதும் அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவரப்பட்டது. 1963 இல் நிதி அமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் அதனை அகற்றும்வரை இந்நிலை நீடித்தது. எண்பத்து மூன்று ஆண்டுகள் என்பது ஏறத்தாழ மூன்று தலைமுறைக் காலமாகும். வழக்கம் மீண்டது, அதனோடு கூடியிருந்த கைப்பழக்கம் பெரும்பாலும் மீளவில்லை. மகள் தாயிடம் பார்த்தே அறிந்திருக்கக்கூடியவற்றை, இன்று காய்ச்சுபவன் காரணங்களை ஆராய்ந்து தானே வருவித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

மூடி வேண்டுமென்பதற்கு முதற்காரணம் வெப்பம். ஒரு கிலோகிராம் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 335 கிலோயூல் போதும். கொதிநிலையை அடைந்த அதே நீரை ஆவியாக்குவதற்கோ ஏறத்தாழ 2260 கிலோயூல் வேண்டும். திறந்த கலத்திலிருந்து எழும் ஆவி இவ்வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஆதலால் சாறு கொதிக்கும்வரை மூடியிருத்தலே சிக்கனம். மரத்தின் வெப்பக் கடத்துதிறன் கறையில் உருக்கினதில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே என்பதால், அம்மூடியைத் தூக்கக் கைத்துணி தேடவேண்டியதுமில்லை.

கொதி தொடங்கியதும் நியாயம் தலைகீழாகின்றது. சாற்றிலுள்ள புரதங்கள் நுரையாகத் திரள்வதால், இறுக மூடிய கலம் பொங்கி வழியும். அன்றியும், கொதிக்கும் சாற்றில் இருமெதைல் சல்பைட்டு என்னும் கந்தகச் சேர்வை உண்டாகின்றது. அவித்த சோளத்தின் மணத்தை ஒத்த அது எளிதில் ஆவியாவது. வழி கிடைப்பின் நீராவியோடு வெளியேறும்; மூடியின் அடியில் ஒடுங்கித் துளியாக விழுமாயின் மீண்டும் சாற்றையே சேரும். மென்சூட்டில் உலர்த்தப்பட்ட வெளிறிய மோல்ற்றில் இவ்விடர் மிகுதி. எனவே மூடியை இரு பாதிகளாகச் செய்வது தக்கது. சூடேறும்போது இரண்டும் கலத்தின்மேல் இருக்கும். கொதித்தபின் ஒரு பாதியை, தேவையாயின் இரண்டையுமே, எடுத்துவிடலாம்.

இனி மரத்தின் தெரிவு. பைன் மரத்தின் பிசின் மணம் சாற்றிலும் ஏறக்கூடும். ஓக் மரம் உறுதியானதாயினும் தனின் நிறைந்தது. இரும்புத் திருகாணி பட்ட இடமெல்லாம் கருநிறம் படரும். ஐரோப்பியர் நெடுங்காலம் எழுதிய மை இதே இரசாயனத் தாக்கத்தாற் பிறந்ததே. பாற்பண்ணைக் கலங்களுக்கும் பாண் வெட்டும் பலகைகளுக்கும் ஆங்கிலேயர் சிக்கமோர் மரத்தை விரும்பியமைக்கு, அது உணவுக்கு மணமோ சுவையோ ஊட்டாமையே காரணம்.

எம்மரமாயினும் அது ஈரத்தால் விரிந்து, உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. நாருக்குக் குறுக்கே அவ்வாறன்று. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், ஆரைவழிச் சுருக்கத்திலும் ஏறத்தாழ இரு மடங்கு. 40 சென்ரிமீற்றர் அகலமான மூடி நூற்றிலொரு பங்கு விரிந்தாற்கூட 4 மில்லிமீற்றர் கூடிவிடும். கலத்தின் வாயினுள் பொருந்துமாறு செய்த மூடி இதனாற் சிக்கிக்கொள்ளும். ஆகவே மூடி விளிம்பின்மேல் அமர வேண்டும். பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, குறுக்குச் சட்டத்தோடு அசையாது முடுக்கினால், விரிய முயலும் மரம் வளையும், அன்றேல் வெடிக்கும். அனுபவமுள்ள தச்சர் பலகைகளை நாக்கும் தவாளிப்புமாகப் பசையின்றிப் பொருத்துவர். சட்டத்தின் நடுத் திருகாணியை மாத்திரம் இறுக்கி, ஏனைய திருகாணிகளுக்கு நீள்துளை இடுவர். பலகை நகரும், மூடி தட்டையாகவே இருக்கும்.

மரத்தின் பயன்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கொதிக்கும் சாற்றில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. ஆறிய சாற்றில் மதுவம் சேர்த்து நொதிக்க விடும்போது நிலைமை வேறு. மரத்தின் நுண்துளைகளில் தங்கிய கிருமிகள் முழுவதையும் புளிக்கச் செய்துவிடலாம். ஆகையால் கொதிகலத்தின் மரமூடியை நொதிகலத்துக்கு மாற்றுதல் தவறு. பயன்படுத்திய மூடியை இருபுறமும் கழுவி, இரு முகங்களிலும் காற்றுப்படுமாறு நிமிர்த்தி உலர்த்த வேண்டும். ஒருபுறம் மட்டும் உலரும் பலகை கோணிவிடும்.

இவற்றுள் எதுவும் பெரிய விஞ்ஞானமன்று. ஆயினும் ஒரு சமூகத்தின் கைகள் இவற்றை மறப்பதற்கு மூன்று தலைமுறைகள் போதுமாயிருந்தன. சட்டத்தின் தடையை ஓர் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் நீக்கிவிட்டது. நீள்துளை ஏன் இடப்பட்டது என்பதை எந்த வரவு செலவுத் திட்டமும் திருப்பித் தரவில்லை. பலகையையும் சீவுளியையும் கையில் எடுத்து, மரம் எத்திசையில் அசையும் என்று பார்ப்பவனே அதனை மீண்டும் அறிகின்றான்.