வரி எங்கே முடிகிறது?

கவிதைத் தொகுப்பொன்றைப் பக்கமாக்குபவர் முதலில் எதிர்கொள்வது அழகு பற்றிய கேள்வியை அல்ல. நீண்ட வரியொன்று தாளின் அகலத்துக்குள் அடங்காமல் மடிகிறது. அந்த மடிப்பு கவிஞருடையதா, தாளுடையதா? அதை அறிய வழியில்லாத பக்கத்தில் கவிதை வேறொன்றாகிவிடுகிறது. நண்பர்கள் சிலரின் கவிதைகளை லிக்ஸ் மென்பொருளில் தொகுக்க முனைந்தபோது, இந்தக் கேள்விதான் என்னை வார்ப்புருக்களின் பக்கம் இழுத்துச் சென்றது.

தன் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் கண்டு மனம் சலித்த டொனால்ட் நூத், 1977இல் டெக் அச்சுக்கோப்பு நிரலை உருவாக்க முற்பட்டார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் லாடெக்கை எழுப்பினார். 1995இல் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய லிக்ஸ், அவற்றின் கட்டளைகளைப் பின்னால் நிறுத்தி எழுத்தை முன்வைக்கிறது. இது தலைப்பு, இது செய்யுள் என்று நாம் சொன்னால் போதும். உருவத்தை அது பார்த்துக்கொள்ளும்.

அதன் செய்யுள் பாணியில் ஒரு பத்தி என்பது ஒரு கண்ணி. எண்டர் விசை அடுத்த கண்ணியைத் தொடங்கும். கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தினால் வரி மட்டும் முறியும். இடமின்றி மடியும் பகுதி அச்சில் சற்று உள்தள்ளி நிற்கும். கவிஞரின் முறிப்பையும் தாளின் முறிப்பையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சிறு உள்தள்ளல்தான்.

கவிதையின் அடியில் எழுதிய ஆண்டைக் குறிக்க எங்களுக்குத் தனிப் பாணி வேண்டியிருந்தது. ஆவண அமைப்புகளில் உள்ள தள வடிவமைப்புப் பகுதியில், பாணியின் பெயர், அது ஏற்கும் லாடெக் கட்டளை, திரையில் தோன்றும் விதம் எனச் சில வரிகள் எழுதினால் அது பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. தமிழின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர, யூனிகோட் எழுத்துருவையும் ஸீடெக்கையும் தேர்ந்தோம். பின் அந்த ஆவணத்தையே வார்ப்புருக் கோப்புறையில் சேமித்தோம். அடுத்த தொகுப்பு அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆயினும் ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. சொற்களிடையே அடுத்தடுத்து இரு வெற்றிடம் விட லிக்ஸ் இசைவதில்லை. உரைநடைக்கு அது நன்மை. மௌனத்தை இடைவெளியால் எழுதும் கவிஞருக்கோ அது தணிக்கை. அப்படிப்பட்ட நண்பரொருவரின் கவிதைகளில் ஒவ்வொரு இடைவெளியையும் அளவு குறித்துத் தனியே செருக வேண்டியிருந்தது. வார்ப்புரு மிச்சப்படுத்திய பொழுதில் பாதி அதற்கே போயிற்று.

அதில் வருத்தமில்லை. எல்லாக் கவிதைகளுக்கும் பொதுவானதை வார்ப்புரு ஏற்றுக்கொண்டதால்தான், ஒருவருக்கு மட்டுமே உரியதைக் கவனிக்க எங்களுக்கு நேரம் வாய்த்தது. வார்ப்புரு செய்ய அமர்பவர்கள் முதலில் கவிதைகளை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுவது நல்லது.