ஊவா மலைத் தடங்கள் – 4: டயரபாவுக்கு மேலே

சென்ற வாரம் எல்லவில், ஒன்பது வளைவுப் பாலத்துக் கூட்டத்தில் இடிபட்டோம். இந்த வாரம், எதிரே ஓர் ஆள் வந்தாலே அதிசயம் என்கிற மலை.

பண்டாரவளைப் பக்கம், டயரபா தோட்டத்தில் முச்சக்கர வண்டியை விட்டு இறங்கி, லயத்தை ஒட்டிய குறுக்குப் பாதையில் ஏறினேன். சுற்றுலாப் பலகை எதிலும் இதற்குப் பெயர் இல்லை. கொழுந்தெடுப்பவர்களுக்கு இது ஒரு நம்பர் மலை, அவ்வளவுதான். ஆடி ஆவணியில் ஊவாவில் அடிக்கும் வறண்ட காற்றுதான் இங்கத்தைத் தேயிலைக்குத் தனி வாசம் ஏற்றுகிறது. ஏறுகிறவனுக்கு வாசமா தெரிகிறது? தொப்பியைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை போதவில்லை.

கவ்வாத்து வெட்டிய சரிவைத் தாண்டியதும் கீழே நீர்த்தேக்கம். விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு இது குளம். 50 மீட்டர் உயர அணை மஹதொட்டில ஓயாவை மறிக்கிறது. புஹுல்பொலவில் மறித்த உமா ஓயா நீரும் சுரங்கம் வழியே இங்கேதான் வருகிறது. பிறகு 15 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இன்னொரு சுரங்கம். கரந்தகொல்லவில், நிலத்துக்கடியில் 120 மெகாவாட் மின்நிலையம். வடக்கே ஓடி மகாவலியில் கலக்கும் உமா ஓயாவின் தண்ணீரைத் தெற்கே கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அழகு பார்க்க ஏறியவனுக்கு ஏமாற்றம்தான். காரியமெல்லாம் மலைக்குள் நடக்கிறது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்கா நின்றார்.

"அணைக்கட்டப் பாக்கவா வந்தீங்க தம்பி? எம் மகளக் கட்டிக்குடுத்த எடத்துல பீலியே வத்திப்போச்சு. மலைக்குள்ள ஓட்ட போட்டாங்கல்ல, அதுதான் குடிச்சிருச்சு."

மிகையில்லை. 2014 இறுதியில் சுரங்கம் குடையும்போது உள்ளே நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். வேலை நிற்கவில்லை. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து உமா ஓயாத் திட்டத்தைத் திறந்துவைத்தார்.

"இப்ப தண்ணி வருதா அக்கா?"

"குழாயில வரும். வந்தா வரும்."

இங்கே வற்றிய தண்ணீர் யாருடைய வயலுக்குப் பாய்கிறது? அடுத்த வாரம் வெல்லவாய வீதியில் கரந்தகொல்லவுக்கு இறங்கி, அங்கிருந்து தண்ணீரோடு கீழே போவோம்.