போர்ப்படங்களும் பள்ளிப்பிள்ளைகளும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, பழைய நினைவுகளை எழுதித் தருமாறே பணித்தனர். பழைய நினைவுகளை எழுதத்தக்கார் எம்மினும் மூத்தோர் பலர் உளர். ஆதலின், இக் கல்லூரியிலே பயின்று, பின்னர் இங்கேயே சரித்திர ஆசிரியராய் அமர்ந்து, அண்மையில் இளைப்பாறிய யாம், எமது வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு முயற்சியைக் குறித்தே ஈண்டு எழுதத் துணிந்தோம். போர்ச் சரித்திரத்தைப் புகைப்படங்களைக் கொண்டும், அவற்றைப் பெரிதாக்கியும் ஒப்புநோக்கியும் காட்டவல்ல கருவிகளைக் கொண்டும் கற்பித்தலே அம்முயற்சி.

யாம் மாணவராயிருந்த காலத்தில் யுத்தமென்பது காரணங்களின் அட்டவணையாகவே எமக்கு அறிமுகமாயிற்று. முதலாம் உலக மகாயுத்தத்தின் காரணங்களைத் தலைகீழாக ஒப்புவிக்க எம்மில் எவராலும் முடியும்; பதுங்குகுழியில் ஒரு போர்வீரன் எவ்வாறு இராப்பொழுதைக் கழித்தான் என்று கேட்டால் வாய்திறவோம். எமக்குப்பின் வந்த பிள்ளைகளுக்கோ நிலைமை நேர்மாறானது. பதுங்குகுழி இன்னதென்று அவர்கள் வீட்டிலே சொல்லக் கேட்டிருந்தார்கள். 2009ஆம் ஆண்டிற்கு அண்மையிலும் பின்னரும் பிறந்த இப்பிள்ளைகளுக்குப் போர் என்பது பெரியோர் பேசத் தொடங்கி இடையிலே நிறுத்திவிடும் ஒரு பேச்சு.

ஆகவே, யாம் படங்களைத் திரையிலிடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு தந்தையார் எம்மைத் தேடி வந்தமை வியப்பன்று. “சேர், நாங்கள் பட்டது காணாதே? பிள்ளையும் இதுகளைப் பார்க்க வேணுமோ?” என்றார். அவர் சினந்து பேசினாரல்லர், களைத்துப் பேசினார். தொலைவிலுள்ள போரையே முதலில் எடுப்போம் என்றும், பிணங்கள் காணப்படும் படம் எதனையும் முன்னறிவித்தலின்றிக் காட்டோம் என்றும், எழுந்துபோக விரும்பும் பிள்ளையிடம் காரணம் கேளோம் என்றும் அவருக்கு வாக்களித்தோம். அவ்விதிகளை இறுதிவரையும் காத்தோம். அவர் இசைந்தாரா, அன்றிப் பேசிப் பயனில்லையென்று போனாரா என்பது அன்று எமக்கு விளங்கவில்லை.

தொலைவிலுள்ள போராக யாம் தெரிந்தது கிரிமியா யுத்தம். 1855ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து றோஜர் பென்ரன் என்னும் படப்பிடிப்பாளர், வைன் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கிய குதிரை வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு அப்போர்க்களம் சென்றார். கண்ணாடித் தகட்டிலே மருந்தைப் பூசி, அஃது உலருமுன் படமெடுத்து, உலருமுன்னரே கழுவவும் வேண்டிய காலம் அது. ஓடுங் குதிரையையும் வெடிக்குங் குண்டையும் அவர் கருவி பிடிக்கமாட்டாது. முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்களுடன் அவர் மீண்டார். அவற்றுள் ஒன்றிலேனும் பிணமில்லை. ஏன் இல்லை என்று வினவினோம். “விற்பதற்கு எடுத்த படமல்லவா?” என்றான் ஒருவன். பென்ரனை அனுப்பியவர் ஒரு படவெளியீட்டாளர் என்பதை யாம் அப்பொழுது இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அப்படங்களுள் இரண்டு ஒரே இடத்தில் நின்று எடுக்கப்பட்டவை. செவஸ்தபோல் நகருக்கு அண்மையிலுள்ள மரமில்லாப் பள்ளத்தாக்கு. நடுவே ஒரு வழி. ஒரு படத்திற் பீரங்கிக் குண்டுகள் வழியின் ஓரத்துப் பள்ளத்திற் கிடக்கின்றன. மற்றையதில் வழியின்மீதும் சிதறிக் கிடக்கின்றன. எது முந்தியது? குண்டுகளைப் போர்வீரர் பொறுக்கிச் சென்றிருப்பராயின் குண்டு நிறைந்த படம் முந்தியது. பார்ப்போர் நெஞ்சு பதறும்படி குண்டுகளை எவரோ வழியிற் பரப்பியிருப்பராயின் வெறுமையான படம் முந்தியது. வகுப்பு இரு கட்சியாகப் பிரிந்தது. எமது பட்டிமன்றங்களுக்குக் குரல் வளமே பெரிது, சான்று சிறிது. இரண்டு பாடவேளைகள் அவ்வாறே கழிந்தன.

மூன்றாம் பாடவேளையில் இரண்டு படங்களையுங் கணினியில் ஒன்றன்மேலொன்று பொருத்தி, மாற்றி மாற்றித் திரையில் விழச் செய்தோம். அவ்வாறு செய்யின் மாறாத பொருள்கள் நிலைத்து நிற்கும், மாறியவை துள்ளும். “குண்டை விட்டு ஓரத்தைப் பாருங்கள்” என்று மட்டுங் கூறினோம். கடைசி வாங்கிலிருந்த பையன், பரீட்சைகளில் எமக்குப் பெரிதும் மனவருத்தந் தந்தவன், எழுந்து திரையருகே போய்ச் சரிவிலே கிடந்த சில சிறு கற்களைத் தொட்டுக் காட்டினான். வெறுமையான படத்தில் அவை மேலே கிடந்தன. குண்டு நிறைந்த படத்திற் கீழே உருண்டிருந்தன. கல் தானாக மேட்டிலேறாது. எனவே வெறுமையான வழியே முந்தியது.

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் எறல் மொறிஸ் என்பவர் 2007ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆராயக் கிரிமியாவுக்கே சென்றார் என்பதையும், ஈற்றில் இச்சிறுகற்களே அவருக்கும் விடையளித்தன என்பதையும் அதன்பின்னரே அவர்களுக்குச் சொன்னோம். பையனுடைய முகத்தை இம்மலரில் அச்சிட எம்மிடம் படமில்லை. எனினும், குண்டுகளை வழியிலே பரப்பியவர் இன்னாரென்று அக்கற்கள் சொல்லவில்லை என்பதை ஒரு மாணவன் உடனே எடுத்துக்காட்டினான். ஆசிரியத் தொழிலில் எமக்குக் கிடைத்த நல்ல நாட்களுள் அஃது ஒன்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரையுஞ் சிறிது தொட்டோம். 1862 செப்ரெம்பர் 17ஆந் திகதி ஒரு பகலில் இறந்தும், காயமுற்றும், காணாமற்போயும் இருதரப்பிலும் ஏறக்குறைய 23,000 பேரை இழந்த அன்ரீற்றம் களத்தை அலெக்சாந்தர் கார்ட்னர் இரட்டைக் கண்ணாடி கொண்ட கருவியாற் படமெடுத்தார். அவ்விரட்டைப் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. சிவப்பு நீல மெல்லிய தாள்களை ஒட்டிப் பிள்ளைகளே மூக்குக்கண்ணாடி செய்துகொண்டு, அங்குள்ள கற்பாலத்தைத் தூரமும் ஆழமுந் தோன்றக் கண்டார்கள். அதே களத்திலெடுத்த பிணங்களின் படங்களை யாம் திரையிலிடவில்லை. அவை உளவென்றும், அவ்வாண்டு ஒக்ரோபரில் நியூயோர்க் நகரில் அவற்றை மக்கள் திரண்டு வந்து பார்த்தனரென்றுங் கூறியமைந்தோம்.

பின்னர் எமது நாட்டுக் கடலுக்கு வந்தோம். 1942 ஏப்பிரல் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனாட் பேச்சோல் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தியனுப்பிய சிறிது நேரத்திலேயே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலே குண்டு விழுந்தது. எம் தந்தையார் அக்காலத்திற் கொழும்பில் எழுதுவினைஞர். அன்று காலை வெளியிற் சென்ற தாம், இவை நம்மவர் விமானங்களென்றெண்ணிக் கையசைத்ததாகச் சொல்லுவார். அடுத்த வாரம் ஊருக்கு வந்த புகையிரதத்தில் நிற்கவும் இடமிருக்கவில்லையாம்.

அதே ஞாயிற்றுக்கிழமை டோர்செற்சயர், கோண்வோல் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இலங்கைக்குத் தென்மேற்கே மூழ்கடிக்கப்பட்டன. அவை தப்ப முயன்று வளைந்தோடியதைக் கடலில் எழுந்த வெண்ணுரைத் தடங்களே வரைந்து காட்டும் படமொன்றுளது. ஏப்பிரல் 9ஆந் திகதி, திருக்கோணமலை தாக்குண்ட அன்றே, விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மெஸ் மட்டக்களப்புக் கடலிலே தாழ்ந்தது. 307 பேர் மாண்டனர். அது சாய்ந்து தாழும் நிலையிலும் ஒரு படமுண்டு. இப்படங்களைத் திரையிலிட்டு, “எடுத்தவர் எங்கே நிற்கிறார்?” என்று வினவினோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின் ஒருத்தன், “நிற்கவில்லை சேர், பறக்கிறார்” என்றான். ஆம், இவை குண்டு போட்டவர் பக்கத்திலிருந்து எடுத்த படங்கள். நீரிலே தத்தளித்தவரிடம் படக்கருவியில்லை. அவர்களுட் பலரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

கப்பலின் நீளம் ஏறக்குறைய 600 அடி. அதனை மைதானத்திலே கயிறு பிடித்து அளந்து பார்க்க முயன்றோம். மதில் குறுக்கிட்டதனால், கப்பலின் எஞ்சிய பகுதியை அயலவர் வளவிற் கற்பனை செய்யவேண்டியதாயிற்று. அது கிடக்கும் ஆழம் ஐம்பது மீற்றருக்குச் சற்று மேல். நல்ல பனை இரண்டை ஒன்றன்மேலொன்று நிறுத்தலாம். கணினியிலுள்ள பூகோளப்படத்திற் திருக்கோணமலையிலிருந்து அவ்விடத்திற்குள்ள தூரத்தைப் பிள்ளைகள் கோடிட்டு அளந்தனர். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேட்டைத் திறந்து, மாண்டவர் பெயர்களைத் தேடினர். கடலில் மாண்டவருக்குக் கல்லறையில்லை. போற்ஸ்மவுத், பிளிமவுத், சத்தம் ஆகிய துறைநகர்களில் நிற்கும் நினைவுத்தூண்களிற் பெயர் மட்டும் உண்டு. தம் வயதுக்கு இரண்டு மூன்றாண்டே மூத்தோரை அப்பட்டியலிற் கண்டு பிள்ளைகள் வாய்விட்டு வாசித்தனர்.

2023ஆம் ஆண்டிலே ஒரு மாணவன் ஹேர்மெஸ் தாழுவதைக் காட்டும் அழகிய வர்ணப்படமொன்றைக் கைத்தொலைபேசியிற் கொண்டுவந்தான். அலையின் ஒவ்வொரு துளியும் தெளிவு. தளத்திலே விமானங்கள் வரிசையாய் நின்றன. வகுப்பிலுள்ளோர் அதனை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்து வியந்தனர். ஈற்றில் ஒருவன், “அன்றைக்குக் கப்பலில் விமானமே இல்லையே” என்றான். உண்மை, துறைமுகத்தை விட்டு அவசரமாகப் புறப்பட்ட ஹேர்மெஸ் அன்று தன் விமானங்களின்றியே கடலுக்குச் சென்றது. அப்படம் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் புனைந்தது. கொண்டுவந்தவன் ஏமாற்ற எண்ணியவனல்லன், தானே நம்பியிருந்தான். வர்ணமூட்டலையே யாம் வெறுப்பவரல்லேம். பீற்றர் ஜக்சன் 2018ஆம் ஆண்டில் முதலாம் மகாயுத்தத்தின் பழைய படச்சுருள்களுக்கு வர்ணமுங் குரலும் அளித்ததை எம் மாணவர் இமையாது பார்த்தனர். அங்கே வர்ணத்தின் கீழே உண்மையாய் நின்ற மனிதர் இருந்தனர். பெரிய வேறுபாடு அது.

இதற்கெல்லாம் மின்சாரம் வேண்டுமே என்பார்க்கு ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் அச்சிட்ட படங்களையும் ஒரு கைவில்லையையுங் கொண்டு வேப்பமர நிழலில் இப்பாடத்தை நடத்தினோம். குறைவொன்றுமில்லை, திரையைப் பார்த்துத் தூங்குவார் தொல்லை மட்டுமே இல்லாதொழிந்தது.

முன்னர்க் கூறிய தந்தையார் மீண்டும் வந்தார்; இம்முறை கையில் ஒரு படத்துடன். போரில் இழந்த தம்பியின் அடையாள அட்டைப் படம் அது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டுப் படப்புத்தகங்கள் யாவும் போயின. பணப்பையில் இருந்தமையால் இஃதொன்றே எஞ்சிற்று. ஈரம் இடக் கன்னத்தையுங் கண்ணின் ஒரு பகுதியையும் அரித்துவிட்டது. அதனை நிரப்பிப் பெரிதாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். இயந்திரம் ஒரு நொடியில் நிரப்பித் தரும். அது நிரப்புவது எவருடைய கண்? அவருடைய மகனே அவ்வினாவை எழுப்பினான். எம்மிடங் கற்றதை எம்மிடமே திருப்பினான். தந்தையார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அம்மாவுக்கு முகம் மறக்குதாம்” என்றார்.

இரண்டு படிகள் செய்தோம். ஒன்று உள்ளது உள்ளபடி. அதன் பின்புறத்தில் ஊர், ஆண்டு, எடுக்கப்பட்ட காரணம் என்பவற்றை எழுதினோம். மற்றையது நிரப்பப்பட்டது, அதன் பின்புறத்தில், இடக் கண்ணும் கன்னமும் இயந்திரம் இட்டவை என்று மகனே தன் கையால் எழுதினான். அப்பம்மா நிரப்பிய படத்தையே சுவரில் மாட்டினார். யாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது அதற்குச் செவ்வரத்தம்பூச் சூட்டியிருந்தது. அதனைக் குறித்து யாம் எதுவுங் கூறவில்லை.

இனிப் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1942ஆம் ஆண்டையேனும் பிற்காலத்தையேனும் பற்றிய படங்கள், கடிதங்கள், உணவுப் பங்கீட்டு அட்டைகள் உங்கள் வீடுகளில் இருப்பின், மூலத்தை அனுப்பவேண்டா. படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற்கு அனுப்புங்கள். படத்தில் உள்ளவர் யார், எங்கே, எவ்வாண்டு, எடுத்தவர் யார் என்பவற்றைத் தெரிந்தமட்டில் பென்சிலாற் பின்புறத்தில் எழுதுங்கள். மையினால் எழுதினால் மறுபக்கத்தில் ஊறிவிடும்.