என் மகளின் இரண்டு கவசங்கள்

கவசம் என்ற சொல் நமக்கொன்றும் புதிதில்லை. கர்ணன் கவசத்தோடு பிறந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சஷ்டி என்றால் வீட்டுக்கு வீடு கவசம் படிக்கிறோம். ஆனால் பெரம்பலூரில் ஒரு குடும்பத் தலைவி, மத்தியானச் சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு முற்றத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷ் விண்வெளிப் படத்தில் வரும் சிப்பாயின் கவசத்தை அளவெடுத்துச் செய்து கொண்டிருக்கிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கள் தெருவிலும் சிரித்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர், "எங்க பையனுக்கும் ஒண்ணு சொல்லித் தாங்களேன்" என்று கேட்டு வந்திருக்கிறார்கள்!

எனக்குத் தொழில் தையல். ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பேன். என் கணவர் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். என் பிறந்த வீடும் அரியலூர்தான். ஒரு பெண், ஒரு பையன், என் மாமியார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு 12 வயது. புதுச் சீருடைக்கு அளவெடுத்தேன். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது. நேராக நிற்கச் சொல்லி மறுபடி எடுத்தேன், அப்படியேதான். போன வருஷத்துப் பாவாடை ஒரு பக்கம் தூக்கிக் கொண்டு நிற்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. திருச்சிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் அவளை இரண்டு கைகளையும் சேர்த்துக் கொண்டு முன்னால் குனியச் சொன்னார். குனிந்தபோது முதுகின் வலப்பக்கம் மட்டும் சிறு மேடாக எழும்பியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முதுகுத்தண்டு பக்கவாட்டில் 31 டிகிரி வளைந்திருக்கிறது என்றார். ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்கோலியோசிஸ்' என்று பெயர்.

"புத்தகப் பை தூக்கினதாலயா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லம்மா. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணமே தெரியறதில்லை. பையும் இல்லை, உட்கார்ற விதமும் இல்லை" என்றார். பெண் குழந்தைகள் வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னால் மளமளவென்று உயருவார்களே, அந்தச் சமயத்தில்தான் வளைவு வேகமாகக் கூடுமாம். வளர்ச்சி நிற்கும் வரை, தினமும் 18 மணி நேரம் 'பிரேஸ்' எனப்படும் பிளாஸ்டிக் கவசத்தை உடம்பில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்றார்.

இது வீண் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2013-ல் வெளியாயிற்று. பிரேஸ் அணிந்தவர்களில் 100-க்கு 72 பேருக்கு வளைவு, ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்குப் போகாமல் நின்றது. அணியாதவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி நின்றது. தினமும் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். ஆக, பிரேஸ் அலமாரியில் இருந்தால் பலன் இல்லை. உடம்பில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் இருந்தது!

"அம்மா, இதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா ஸ்கூலுக்குப் போறது? முதுகுல தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வருதும்மா" என்று அழுதாள். என் மாமியார் நல்லவர். ஆனாலும் அவருக்கு அவர் கவலை. "வெளியில யார்கிட்டயும் சொல்லாத. பொம்பளப் புள்ள. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் என்ன நெனப்பான்?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். குழந்தை காதில் விழாமல் இருக்குமா? அன்றிலிருந்து இராத்திரி தூங்கும்போது மட்டும் கட்டிக் கொண்டாள். ஆறு மணி, ஏழு மணி நேரம். அதற்கு மேல் இல்லை.

கோடை விடுமுறைக்கு அரியலூர் போயிருந்தோம். அங்கே என் அண்ணன் மகன் ஒரு படம் போட்டுக் காட்டினான். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்'. அதில் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம் பூண்ட சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். என் மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். "அம்மா, அவங்க போட்டிருக்கிறது என்னோடது மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.

அது எப்படிச் செய்யப்பட்டது என்று அண்ணன் மகன் தேடிப் படித்துச் சொன்னபோது நானே அசந்து போனேன். முதலில் உடம்பின் வடிவத்தில் ஓர் அச்சு. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அப்பளம் போல் தளர்ந்ததும் அச்சின் மேல் போர்த்தி, இடையில் உள்ள காற்றை இயந்திரத்தால் உறிஞ்சி விடுகிறார்கள். தகடு அச்சோடு அச்சாக ஒட்டிப் படிந்து, ஆறியதும் கெட்டியாகி விடுகிறது. அம்மாடி! திருச்சியில் என் மகளுக்குச் செய்ததும் இதேதான். அவள் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு எடுத்தார்கள். அதற்குள் மாவு ஊற்றி அச்சு வார்த்தார்கள். அந்த அச்சைத் திருத்தி, அதன் மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்திக் காற்றை உறிஞ்சினார்கள். சினிமாக் கவசத்துக்கும் மருத்துவக் கவசத்துக்கும் வித்தை ஒன்றுதான்.

அரியலூர்க்காரர்களுக்கு அச்சு என்றால் சட்டென்று புரியும். எங்கள் ஊர் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகளே வந்தன. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் நத்தை போல் சுருண்ட கல் சங்குகளைப் பார்க்கலாம். ஓடு கரைந்து போய், உள்ளே புகுந்த சேறு இறுகி, அச்சு மட்டும் மிஞ்சிய கற்களும் அவற்றில் உண்டு. பள்ளியோடு போய்ப் பார்த்து வந்தவள் ஆகையால், "அந்தச் சங்கு மாதிரி நான்தான் உள்ளே இருக்கிற அச்சா?" என்று கேட்டாள். பல மாதம் கழித்து அன்றுதான் அந்தப் பிரேஸைப் பற்றி அழாமல் பேசினாள்.

"நாமளும் ஒண்ணு செய்யலாமாம்மா?"

செய்தோம். நாலு மாதம், பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை. காற்றை உறிஞ்சும் இயந்திரத்துக்கு நாங்கள் எங்கே போக? இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பலரும் பயன்படுத்துகிற ஈ.வி.ஏ. ஷீட்டையே நாங்களும் எடுத்துக் கொண்டோம். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடுகிறோமே, அந்த மெத்து மெத்தென்ற விரிப்பு அதுதான். செருப்புச் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். மார்புக்கும் முதுகுக்கும் 10 மில்லிமீட்டர் கனம், கை கால்களுக்கு 6 மில்லிமீட்டர்.

அளவெடுப்பதுதான் உயிர். மகள் பிரேஸைக் கட்டிக் கொண்டாள். அதன் மேல் ஒரு பழைய பனியன். பனியன் மேல் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை இடைவெளி இல்லாமல் சுற்றினேன். எங்கெங்கே வெட்ட வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு. பிறகு முதுகுப் பக்கம் கத்தரித்துக் கழற்றினால், அவள் உடம்பின் கூடு கையில் வந்துவிட்டது! அதைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக விரித்தால் அதுவே மாதிரிப் படிவம். வளைவு வருகிற இடத்தில் ரவிக்கைக்கு டக் பிடிப்பது போல் முக்கோணமாக வெட்டிச் சேர்க்க வேண்டும். ரவிக்கை தைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இதைச் செய்துவிடலாம்.

 எங்கள் கவசத்தில் வலதும் இடதும் ஒரே அளவு இல்லை. வலத் தோளுக்கு ஓர் அளவு, இடத் தோளுக்கு ஓர் அளவு என்று தனித்தனியாக வெட்டினேன். போட்டுக் கொண்டு நின்றபோது வெளிப் பார்வைக்கு இரண்டும் சமமாக இருந்தன. கண்ணாடி முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள்.

தாத்தாவும் ஒரு யோசனை சொன்னார். என் அப்பா சிறு வயதில் தெருக்கூத்து ஆட்டக்காரர்களோடு சுற்றியவர். "கூத்துல புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செய்வாங்க. கனமே இருக்காது. ஆனாலும் விடிய விடிய ஆடணுமே! தோளுக்குக் கீழே துணியைச் சுருட்டி வெச்சுத்தான் கட்டுவாங்க" என்றார். நாங்களும் தோள் துண்டுகளுக்கு அடியில் பழைய வாயில் புடவைத் துணியை மடித்துத் தைத்தோம்.

தலைக்கவசம் செய்தது யார் தெரியுமா? என் மாமியார்! ஒரு நாள் தானாகவே வந்து, "அந்தத் தலைய என்கிட்ட குடு. காகிதக் கூடை செய்யறது போலத்தானே" என்றார். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டிக் கூழாக்கினார். கவிழ்த்த மண்பானையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அதன் மேல் அப்பினார். ஐந்து நாள் வெயிலில் காய்ந்ததும் கல் போல் ஆகிவிட்டது. முகப்பகுதியை அட்டையில் செய்து ஒட்டினோம். கண்ணுக்குக் கறுப்புக் கொசுவலை, வாய்க்கு நேரே காற்றுப் போக ஓட்டைகள். "மூச்சு முட்டாம பாத்துக்கடி" என்று அவரே ஊசியால் இன்னும் நாலு ஓட்டை போட்டார். வெளியில் சொல்லாதே என்றவர், பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுத் தலையைக் காட்டினார்.

இதைச் செய்ய ஆசைப்படும் சகோதரிகளுக்குச் சில எச்சரிக்கைகள்:

செருப்புக்குப் பூசும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு அழுத்தினால் பிரியாது. ஆனால் அதன் ஆவி தலைசுற்றலைத் தரும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். அடுப்பங்கரையில் வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்காருங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அருகே இருக்கக் கூடாது.

ஷீட்டை வளைக்கச் சூட்டுக் காற்றுக் கருவியைக் காட்டும்போதும் புகை வராத அளவோடு நிறுத்துங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் முகமூடி அவசியம். வெட்டும் கத்தி குழந்தை கையில் போக வேண்டாம்.

கவசத்துக்குள் வியர்வை ஆறாது. நம் ஊர் வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்க விடாதீர்கள். முன்னும் பின்னும் தண்ணீர் கொடுங்கள். பிரேஸ் அணியும் பிள்ளைகள் டாக்டரைக் கேட்டுக் கொண்டுதான் அதன் மேல் எதையும் அணிய வேண்டும். பிரேஸில் பசை, பெயின்ட், ஆணி எதுவும் படக் கூடாது. நாங்கள் கவசத்தைத் தனியே வெல்க்ரோவால்தான் பூட்டினோம். பிரேஸுக்கு அடியில் எப்போதும் மடிப்பில்லாத பருத்தி பனியன் வேண்டும். கழற்றி அரை மணி ஆன பின்னும் தோல் சிவப்பு மாறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்கும் குறைவு. செலவு 1,800 ரூபாய். மெலிந்த ஃபெவிகால் பூச்சு மூன்று, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு.

கவசத்தின் அளவு பிரேஸோடு சேர்த்து எடுத்தது அல்லவா? பிரேஸ் இல்லாமல் போட்டால் தொளதொளவென்று ஆடும். ஆகவே ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் முதலில் பிரேஸைக் கட்ட வேண்டியிருந்தது. பிற்பகல் வேலைக்குக் கட்டியவள், மாலை வரை கழற்ற மறந்தாள். பிறகு பள்ளிக்கும் கட்டிக் கொண்டு போக ஆரம்பித்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள்காட்டியில் அவளே மணி நேரத்தை எழுதினாள்: 9, 12, 15, 17.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் கவசத்தோடு நின்றாள். பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் முறையை விளக்கினாள். ஒரு பையன், "உள்ள என்ன போட்டிருக்கே?" என்று கேட்டானாம். மார்புத் தகட்டைக் கழற்றி, சீருடைக்கு மேலேயே கட்டியிருந்த பிரேஸைத் தட்டிக் காட்டி, "இது நிஜக் கவசம். அது டூப்பு" என்றாளாம். இதை அவளுடைய டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்படிக் கவசம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர். இந்த வெள்ளைக் கவசம் அணிபவர்களுக்காக 1997-ல் '501-ஆவது லீஜியன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சின்ன மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய் வந்தது. அவளுக்குக் காவல் இருக்க அந்தப் படத்தில் வரும் உருளை ரோபோ ஒன்று வேண்டும் என்ற ஆசை அந்தக் குடும்பத்தில் எழுந்ததாம். ரோபோ செய்யும் பொழுதுபோக்குக்காரர்கள் சேர்ந்து இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றைச் செய்தார்கள். 2005 ஆகஸ்டில் கேட்டி மறைந்தாள். அந்த ரோபோவோ இன்றும் அவள் பெயரால் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறது. 2015-ல் வந்த படத்திலும் தலைகாட்டியது. இதைப் படித்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. நம் சென்னையிலும் 2024 பிப்ரவரியில் 'காமிக் கான்' விழா முதன்முறையாக நடந்தது. இப்படி வேஷம் கட்டிக் கொண்டு ஏராளமான இளைஞர்கள் வந்தார்கள்.

மகளுக்கு இப்போது 14 வயது. போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 30 டிகிரி. "குறையலைன்னு வருத்தப்படாதீங்க, கூடலையே, அதுதான் வெற்றி" என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருஷமாவது அணிய வேண்டியிருக்கும். வளர்ந்துவிட்டதால் புதுப் பிரேஸ் செய்தாயிற்று. பழைய கவசம் அவளுக்குப் பிடிக்கவில்லை. புதிதாக இன்னொன்றுக்கு மாதிரிப் படிவம் வெட்டிக் கொண்டிருக்கிறோம்.

10 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள பெண் குழந்தை வீட்டில் இருந்தால், அடுத்த முறை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அவளை ஒரு நிமிடம் குனிந்து நிற்கச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக இருக்கிறதா? தோள் ஏறி இறங்கி இருக்கிறதா? பாவாடை விளிம்பு சாய்கிறதா? இருந்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று மறைக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.