முள்

வேகமானியின் முள் வேகத்தைக் காட்டுவதில்லை. வேகத்தைப் பற்றி வந்து சேர்ந்த ஒரு சேதியைக் காட்டுகிறது. பழைய கார்களில் அந்தச் சேதி கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வழியாக வருகிறது. கேபிள் காந்தத்தைச் சுழற்றுகிறது. அதையொட்டிய அலுமினியக் கிண்ணம் தானும் சுழலப் பார்க்கிறது. ஒரு சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியில் முள் ஓரிடத்தில் நிற்கிறது. காந்தம் அதைத் தொடுவதே இல்லை.

மார்கழித் திருவாதிரையையொட்டி அம்மாவை உத்தரகோசமங்கைக்கு அழைத்துப்போனேன். ஆண்டு முழுவதும் சந்தனத்துக்குள் இருக்கும் மரகத நடராஜரை அப்போதுதான் காப்பில்லாமல் பார்க்கலாம். அம்மாவுக்கு இரு கண்ணிலும் புரை. மதுரையிலிருந்து வரும் நெடுஞ்சாலையில், பரமக்குடிக்கு முன்பாகவே முள் துடித்துப் பூஜ்யத்தில் விழுந்தது. வேகத்தைத் தானே பிடித்துவைத்திருந்த குரூஸ் கண்ட்ரோலும் கூடவே கைவிட்டது. மீதி வழி முழுக்கப் பின்சீட்டிலிருந்து அம்மாதான், "கூடுது தம்பி" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். என்ஜின் சத்தமும் அதையே சொல்லிற்று.

இரண்டு கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். மெக்கானிக் கேட்டது ஒன்றுதான்: "கிலோமீட்டர் ஓடுதா சார்?" ஓடவில்லை. எண்கள் ஓடி, முள் மட்டும் செத்திருந்தால் நோய் மீட்டரில். இரண்டும் நின்றால் சுழற்சியே வந்து சேரவில்லை. இந்தக் காரில் அதே சுழற்சிதான் குரூஸ் கண்ட்ரோலுக்கும் போகிறது. கேபிளை உருவினார். உள்கம்பி கிரீஸ் வறண்டு, கியர்பாக்ஸ் பக்கம் அறுந்திருந்தது.

குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வையிழந்தவர். 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிறைஸ்லர் கார்களில் அது வந்தது. எந்த முள்ளையும் பார்க்க இயலாதவருக்கு வேகம் கூடிக் குறைவது உடம்பில் உறுத்தியிருக்க வேண்டும். முள்ளை நம்பி ஓட்டுகிற நமக்கு அந்த உறுத்தல் இல்லை.

அம்மாவுக்குக் கண் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவளுக்கு அதில் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. அன்று சன்னதியில் எனக்குப் பச்சையாய் ஓர் உருவம் தெரிந்தது. அவள் வெகுநேரம் கைகூப்பி நின்றாள். அவளுக்கு எவ்வளவு தெரிந்தது என்று அளக்க என்னிடம் எதுவும் இல்லை.