சீதன வீட்டை விற்பதா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். இங்கு முன்பு இருந்த முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு சட்டமாக இல்லாமற் போய்விட்டது. ஆனால் வீட்டை மகளுக்கு எழுதும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அதனால் எங்கள் ஊரில் ஒரு பெண் வீட்டை விற்பதென்றால் அது விலையோடு மட்டும் முடிகிற காரியமல்ல. நான் இரண்டு வருடமாக இந்த யோசனையோடு இருந்தவள். அதில் அறிந்துகொண்டதை எங்களைப் போன்ற சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

என் வீடு படுவான்கரையில், மகிழடித்தீவில் இருக்கிறது. 1993இல் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தா. நாற்பது பேர்ச் வளவு, ஒரு கிணறு, எட்டுத் தென்னை, ஒரு மாமரம். 2006இல் வேலைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. 2007 மார்ச்சில் செல்லடிக்குப் பயந்து இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எழுவான்கரைக்கு ஓடினோம். சில மாதம் கூடாரத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கூரையும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் தவணை தவணையாகக் கிடைத்த ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாவோடு, காதில் கிடந்ததையும் விற்றுப் போட்டுத்தான் இப்போதுள்ள வீட்டைக் கட்டினேன். கல் சுமந்தது நானும் மூத்தவளும்.

மூத்தவள் கலியாணம் முடித்துக் கல்லடியில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் கலியாணத்தின்போது கொடுக்க என்னிடம் நகை கொஞ்சம்தான் இருந்தது. இளையவளுக்கு இருபத்துநாலு வயது. இந்த வீடு அவளுக்கென்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். “அம்மா, தனிய அங்க கிடந்து என்ன செய்யப் போறீங்க? வித்துப்போட்டு வாங்க, இங்கால ஒரு துண்டு எடுப்பம்” என்று மூத்தவள் சொன்னாள். இளையவள் பக்கத்தில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்துக் காணியை யாரும் கேட்பதில்லை. மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடக்க வேண்டும். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்ததும் தரகர்மார் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். அப்போது வாங்க வந்தவர் பலர், விற்க இருந்தவர் சிலர். 2022இல் நாடு கவிழ்ந்தபோது அது தலைகீழானது. சீமெந்துப் பையைக் கையால் தொட முடியாத விலை. அவசரத்துக்கு விற்றவர்கள் கேட்ட காசுக்குக் கொடுத்தார்கள். இப்போது எங்கள் தெருவில் அந்த அவசரம் இல்லை. கேட்டு வருகிறவர்களும் சிலர், விற்கிறவர்களும் சிலர். ஒருவர் விலை சொன்னால் மற்றவர் நாலு நாள் யோசிக்கிறார்.

இப்படியான காலத்தில் “விலை ஏறுமா, இறங்குமா?” என்று பார்த்திருப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். இங்கே ஏறினால் கல்லடியிலும் ஏறும். விற்றுவிட்டு வேறொன்று வாங்கப் போகிறவளுக்கு இரண்டு விலைக்கும் இடையில் உள்ள தூரம்தான் கணக்கு. அதைத்தான் நான் விசாரித்தேன். தரகர் சொல்லும் விலையை விட்டுவிட்டு, அண்மையில் விற்ற வீடுகளுக்கே போய்த் தேத்தண்ணி குடித்தபடி, கையில் வாங்கிய காசு எவ்வளவு என்று கேட்டேன். எங்கள் ஊரில் பெண்கள் இதை ஒளிக்காமல் சொல்வார்கள். கேட்டுப் பார்த்ததில் என் நாற்பது பேர்ச்சையும் வீட்டையும் கொடுத்தால் கல்லடியில் வளவு மட்டும் வாங்கலாம், வீடு கட்டக் காசு மிஞ்சாது என்று தெரிந்தது.

“விற்ற காசை வங்கியில் போட்டால் வட்டி வருமே” என்று சொன்னவர்களும் உண்டு. 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். அதைப் பார்த்து வளவை விற்றுக் காசைப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி ஏற்றமே எழுபது வீதத்தளவில் இருந்தது. 2024இல் வட்டி பத்து வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. அவ இப்போது வாடகை வீட்டில் இருக்கிறா. வளவில் நின்ற தென்னையாவது மாதாமாதம் தேங்காய் தந்திருக்கும்.

அடுத்தது பத்திரம். விற்கிற யோசனை இல்லாதவர்களும் தங்கள் காணி எந்த வகை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். என்னுடையது உறுதிக்காணி. என் பெயரில் இருப்பதால் கணவரின் சம்மதமோ அவருடைய சான்றிதழோ தேவைப்படவில்லை. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் உறுதி கணவர் பெயரில் இருந்து, அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால், பாதி மனைவிக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் வயது குறைந்தவர்களென்றால் அவர்கள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. கணவர் காணாமற் போனவர் என்றால் இன்னும் சிக்கல். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்காக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தோடு வந்தது. அதை வைத்துக் காணியைக் கைமாற்ற நினைப்பவர்கள் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

பெர்மிட் காணி வேறு கதை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த காணியை நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப்பத்திரம் கிடைத்த காணிக்கும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கச்சேரிக் கடுதாசி இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதிக் காசு மாறியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அதே சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னிடம் என்று எழுதியிருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள்.

போரில் உறுதி எரிந்துபோனவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்து, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. உறுதி இலக்கமோ, நொத்தாரிசின் பெயரோ, வருடமோ தெரிந்தால் தேடலாம். எனக்கும் பதிவகப் பிரதிதான் கிடைத்தது.

பெயர் விடயத்தில் எங்கள் கரையோரம் ஒரு பெரிய பாடம் படித்தது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலில் இருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். நாவலடி போன்ற இடத்துச் சனங்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். கடல் கொண்டுபோனது மனைவிமாரின் சீதன வீடு. ஆனால் புது வீட்டின் கடுதாசியில் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவர்மார் பெயர் ஏறிய இடங்கள் பல. யாரும் திட்டம் போட்டுப் பறிக்கவில்லை. படிவத்தில் அந்த ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். விற்று வாங்கும்போதும் இதுவே நடக்கிறது. பழைய வீடு அவள் பெயரில் இருக்கும். புதியதை எழுதும்போது “ஆம்பிளை பேரில இருக்கட்டும்” என்று யாராவது சொல்வார்கள்.

அதனால் மூன்று விடயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். அண்ணன் அற்றோணித் தத்துவம் எழுதித் தா, நானே ஓடித்திரிந்து முடித்துத் தாறன் என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் கொடுக்கவில்லை. என் கையெழுத்தை நானே போடுவேன் என்றேன். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் முத்திரைத் தீர்வை குறையும் என்று வாங்குபவர் சொன்னார். தகராறு வந்தால் எழுதிய தொகைதான் பேசும், ஆகவே முழுத் தொகையும் எழுத வேண்டும் என்றேன். வாங்கப்போகும் துண்டு மூத்தவள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும் என்று சொன்னபோது மருமகனின் முகம் கொஞ்சம் மாறியது. மாறட்டும்.

கடைசியில் வீட்டை விற்பதில்லை என்று முடிவெடுத்தேன். தெருப்பக்கம் பதினைந்து பேர்ச்சைப் பிரித்துக் கொடுக்கிறேன். கடை போட ஒருவர் கேட்டிருந்தார். முதலில் சொன்ன விலைக்கு நான் ஓம் சொல்லவில்லை. அவரும் போய்விடவில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு பேரும் நடுவுக்கு வந்தோம். அந்தக் காசோடு மூத்தவளும் கொஞ்சம் போட்டுத் திமிலைதீவுப் பக்கம் எட்டுப் பேர்ச் பார்த்திருக்கிறாள். கல்லடி இல்லைத்தான். ஆனால் அவள் பெயரில் முதல் உறுதி. மிச்ச வளவையும் வீட்டையும் இளையவளுக்கு நன்கொடை உறுதியாக எழுதி, என் சீவிய உரித்தை அதில் வைத்துக்கொள்கிறேன். நான் இருக்கும்வரை என்னை யாரும் எழுப்ப முடியாது. கேட்டதும் இளையவள், “அக்காவுக்கு மாமரத்துக் காயில பாதி” என்றாள். அதை உறுதியில் எழுதத் தேவையில்லை.

நில அளவையாளர் வந்து கயிறு பிடித்தபோது எல்லைக்கோடு கிணற்றுக் கட்டை உரசிக்கொண்டு போனது. 2007இல் ஊர் திரும்பியபோது வளவில் மிஞ்சியிருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான். கல்லைத் தெருப்பக்கம் நகர்த்தி நடச் சொன்னேன். வாங்குபவர் முணுமுணுத்துக்கொண்டு அரைப் பேர்ச் காசைக் குறைத்தார். கிணற்றுக்குப் போகும் வழியையும் வரைபடத்தில் போடுவித்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமை நொத்தாரிசிடம் போகிறோம்.